எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ஒன்பது நாள் போதுமா?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர், வயது 42. அரை மாரத்தான் ஓடுகிறார், வருஷம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறார். காத்மாண்டுவிலிருந்து கிளம்பி ஒன்பதே நாளில் எவரெஸ்ட் அடிவார முகாமைக் காட்டி, ஹெலிகாப்டரில் திருப்பிக் கொண்டுவந்து விடுவதாக ஒரு பயண நிறுவனம் சொல்கிறதாம். அவருக்கு மூன்று கேள்விகள். என் உடம்புக்கு அந்த ஒன்பது நாள் போதாதா? ஷெர்பாக்கள் மூட்டையோடு ஓடுகிறார்களே, அவர்களுக்கு மட்டும் தனி உடம்பா? மலையே குப்பைமேடாகிவிட்டது என்கிறார்கள், நானும் போய் அதில் சேரவேண்டுமா? மூன்றும் வேறு வேறாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: உடம்பில் வலு இருந்தால் மலையில் நாளைக் குறைத்துக்கொள்ளலாமா என்பது. நான் மருத்துவர். உயர்மலை மருத்துவத்தில் பயிற்சி எடுத்து, பல ஆண்டுகளாக இமயமலைக் குழுக்களோடு நடந்தும் அவர்களுக்கு வைத்தியம் பார்த்தும் வருகிறவன். குறைக்க முடியாது என்பதே என் பதில். நீங்கள் மிச்சம்பிடிக்கிற நாளை முதலில் உங்கள் உடம்பிடமிருந்தும், அப்புறம் அந்த மலையில் வேலை செய்கிற யாரோ ஒருவரிடமிருந்தும்தான் எடுக்கிறீர்கள்.

முதலில் காற்று. மேலே போகப்போகக் காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மெரினாவிலும் எவரெஸ்ட் உச்சியிலும் அது ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமில் அது கடற்கரையில் இருப்பதில் பாதியைச் சற்றுத் தாண்டும், 8,848.86 மீட்டர் உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்துக்குள் போய்ச்சேரும் ஆக்சிஜனும் குறையும். உடம்பு உடனே மூச்சை வேகப்படுத்துகிறது. ஆனால் வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. கூடினால் மூளை மூச்சை அடக்கப் பார்க்கும். இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். பைகார்பனேட் என்ற காரப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தை நேர்செய்கிறது. அதற்குப் பிறகுதான் மூச்சு தடையில்லாமல் ஓடும். இந்த வேலைக்குச் சில நாள் பிடிக்கும். சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபோயட்டின் என்ற ஹார்மோன் சில மணி நேரத்திலேயே கூடினாலும், புதிய சிவப்பணுக்கள் போதிய அளவுக்கு வந்துசேர வாரக்கணக்காகும்.

இதில் உங்கள் ஓட்டப் பயிற்சிக்கு இடமே இல்லை. ஓட்டம் இதயத்தையும் தொடையையும் தயார்செய்யும். சிறுநீரகத்தின் வேகத்தை அது கூட்டாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயை உடல்தகுதி தடுக்காது என்பது இந்தத் துறையில் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒன்று. நான் பார்த்தவரை, குழுவில் முதலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர் பெரும்பாலும் எல்லாருக்கும் முன்னே போன இளைஞர்தான். மூச்சு வாங்கி நின்று நின்று வருகிறவர் தன்னை அறியாமலே சரியாக ஏறுகிறார். யாருக்கு மலைநோய் வரும், யாருக்கு வராது என்று ஊரிலேயே நிச்சயமாகச் சொல்லிவிடும் பரிசோதனை எதுவும் கிடையாது. முன்பு உயரத்தில் உங்களுக்கு என்ன நடந்தது, இப்போது எவ்வளவு வேகமாக ஏறப்போகிறீர்கள், இந்த இரண்டையும் வைத்துத்தான் கணிக்கிறோம். வெள்ளியங்கிரியை விடாதீர்கள், அந்தப் படிகளில் இறங்கிப் பழகிய முட்டிக்கு நேபாளத்து இறக்கங்கள் எளிதாக இருக்கும். ஆனால் தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். நீங்கள் விமானத்தில் போய் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர். உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் இடம் நம் பக்கத்தில் இல்லை. அங்கே போய்த்தான் பழகவேண்டும்.

எப்படிப் பழகுவது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்கவேண்டும். பகலில் எவ்வளவு மேலே போய்விட்டு வந்தாலும் பரவாயில்லை, கணக்கு தூங்கும் இடத்துக்குத்தான். வழக்கமான பயணத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். லுக்லாவில் இறங்கிப் பாக்டிங்கில் ஓர் இரவு, 3,440 மீட்டரில் நாம்சே பஜாரில் இரண்டு இரவு, தெங்போச்சேயில் ஒன்று, 4,410 மீட்டரில் டிங்போச்சேயில் இரண்டு, பிறகு லோபுச்சே, கோரக்ஷேப். மேலே போகவே எட்டு நாள். இதுகூடச் சிலருக்கு வேகம்தான். ஒன்பது நாள் பயணத்தில், காத்மாண்டுவில் தங்குவதும் விமானத்துக்குக் காத்திருப்பதும் போக மிச்சம் என்ன இருக்கும்? நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இருக்கவேண்டிய இரண்டாவது இரவுகள்தான் வெட்டப்பட்டிருக்கும். உங்கள் சிறுநீரகத்துக்குச் சேரவேண்டிய நாள்கள் அவை. 1953-ல் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலரியும் இருந்த குழு காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து தெங்போச்சேவரை இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்தே போனது. லுக்லா ஓடுதளம் 1964-ல் வந்தது. அந்த நடையோடு உடம்புக்குத் தானாகக் கிடைத்துவந்த பழக்கமும் போயிற்று.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. தலைவலி, குமட்டல், சோர்வு, தலைசுற்றல் என்று லேசாகத்தான் ஆரம்பிக்கும். நம் ஆட்கள் உடனே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள்: வெயில், காபி குடிக்கவில்லை, நேற்றுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. மலையில் வருகிற தலைவலி, வேறு காரணம் உறுதியாகும்வரை மலைநோய்தான். அப்படி வைத்துக்கொண்டால் யாரும் கெட்டுப்போவதில்லை. தலைவலி இருக்கும்போது இன்னும் மேலே போய்த் தூங்காதீர்கள், குறையவில்லையென்றால் இறங்குங்கள். பயப்படவேண்டியவை இரண்டு. ஒன்று மூளை வீக்கம்: பேச்சு குழறும், தள்ளாடுவார், முன்கால் குதிகாலைப் பின்கால் விரல் தொட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னால் நடக்கமாட்டார். இன்னொன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது: பெரும்பாலும் புதிய உயரத்தில் இரண்டாவது இரவிலோ அதற்குப் பிறகோ வரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்கும், இருமல் வரும், முற்றினால் சளி நுரைத்து இளஞ்சிவப்பாக வரும். இரண்டிலும் உயிர் போகும். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, ஆளைத் தனியாகவும் அனுப்பக்கூடாது. ஆக்சிஜனும், நோயாளியை உள்ளே வைத்துக் காற்றடித்து அழுத்தத்தைக் கூட்டும் பையும் நேரம் வாங்கித் தருமே தவிர, இறங்குவதற்கு மாற்றாகாது.

மருந்துகளில் உறுதியாகப் பயன் தெரிந்தது அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ். தடுப்புக்குப் பொதுவாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. சிறுநீரகம் எப்படியும் செய்யப்போகிற வேலையை அது முடுக்கிவிடுகிறது. அதனால் நோயை மூடிமறைக்கும் என்ற பயம் தேவையில்லை. விரல்நுனி மரமரக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்பா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். எழுத்தில் ஒருவருக்கு நான் மருந்து எழுதித் தரமுடியாது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அப்படியல்ல. அது அறிகுறியை அடக்கும், உடம்பைப் பழக்காது. அதை விழுங்கிவிட்டு மேலே ஏறுவது ஆபத்து. நம்மவர்கள் கையில் வைத்து முகர்கிற கற்பூரம், லாட்ஜ்களில் சிபாரிசு செய்கிற பூண்டு சூப், ஸ்ப்ரே டப்பாவில் விற்கிற ஆக்சிஜன் ஆகியவை மலைநோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பூண்டு சூப் குளிருக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். வீட்டிலேயே ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கிப் பழகுவது பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பல வாரம், தினமும் பல மணி நேரம் படுத்தால் கொஞ்சம் பலன் இருக்கலாம். இன்னொன்று, இரவில் பக்கத்தில் படுத்திருப்பவர் சில விநாடி மூச்சே விடாமல் இருந்து, பிறகு வேகவேகமாக மூச்சு விடுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். அந்த உயரத்தில் தூக்கத்தில் அது சகஜம். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம்.

ஷெர்பாக்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆம், பரம்பரையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. திபெத்தியர்களிடமும், அங்கிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் எவரெஸ்டின் நேபாளப் பக்கத்தில் இருக்கும் கும்புப் பகுதிக்கு வந்து குடியேறிய ஷெர்பாக்களிடமும் இபிஏஎஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் பரவலாகக் காணப்படுகிறது. 2010-ல் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின; டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திலிருந்து அது வந்தது என்று 2014-ல் தெரியவந்தது. இந்த வடிவம் உள்ளவர்களுக்கு உயரத்தில் ஹீமோகுளோபின் நம்மைப்போல எகிறுவதில்லை. கேட்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் ரத்தம் கெட்டியாவதும் தொல்லைதான்: ஆண்டிஸ் மலைவாசிகளிடம் ஹீமோகுளோபின் மிகவும் கூடி நாள்பட்ட மலைநோய் வருவதைப் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920-களிலேயே விவரித்திருக்கிறார். ஷெர்பாக்களின் தசைகள் குறைந்த ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன என்றும் தெரிகிறது. அது எந்தெந்த வழியில் நடக்கிறது என்பதில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. பழகினால் இந்த உடம்பு நமக்கு வருமா என்றால், வராது. பழக்கம் நமக்குத் தருவது சில வாரத்துக்கான ஏற்பாடு. ஊருக்கு வந்து கொஞ்ச நாளிலேயே அது கரைந்துவிடும்.

ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். அந்தப் பாதையில் உங்கள் பையைச் சுமக்கிறவர் பெரும்பாலும் ஷெர்பா அல்லர். ராய், தமாங், மகர் இனத்தைச் சேர்ந்த, தாழ்வான மலைக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர். உயரத்தில் அவர் உடம்பும் நம் உடம்பைப்போலத்தான். நெற்றியில் நாம்லோ பட்டையைப் போட்டு, முதுகில் டோக்கோ கூடையை ஏற்றி, நிற்கும்போது தோக்மா தடியை அடியில் முட்டுக்கொடுத்து இளைப்பாறுவார். நாம்சே போகும் வழியில் சுமைதூக்கிகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள்; ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்திருந்தார்கள். தலைவலி வந்தால் அவர் சொல்லமாட்டார். சொன்னால் அன்றைய கூலி போகும், அடுத்த வேலையும் போகும். நாளைக் குறைத்த பயணத்தில் உங்களோடு சேர்ந்து அவரும் அதே வேகத்தில் ஏறுகிறார், அதுவும் சுமையோடு. தினமும் மாலையில் அவரிடம் போய்த் தலைவலிக்கிறதா, சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மருத்துவராக உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது.

உச்சிக்கு ஏறுகிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அடிவார முகாமுக்கு மேலே கும்பு பனியருவி. வெடித்து நகர்ந்துகொண்டே இருக்கும் பனிப் பாளங்களுக்கு நடுவே ஏணியும் கயிறும் போட்டு வழி அமைப்பவர்கள் ஷெர்பாக்கள். கூடாரம், ஆக்சிஜன் உருளை, சமையல் சாமான் எல்லாம் அவர்கள் முதுகில்தான் போகின்றன. காசு கொடுத்து ஏறுகிறவர் அதைச் சில முறை கடந்தால், வேலைக்காரர் பல மடங்கு கடக்கிறார். ஒவ்வொரு கடத்தலும் ஓர் ஆபத்து. 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிச்சரிவில் 16 பேர் இறந்தார்கள். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளர்கள். 2025 மே மாதம் நான்கு பிரிட்டிஷ்காரர்கள் செனான் வாயுவை முன்கூட்டிச் சுவாசித்துவிட்டு, லண்டனிலிருந்து கிளம்பிய ஒரு வாரத்துக்குள் எவரெஸ்ட் ஏறித் திரும்பினார்கள். செனானால்தான் முடிந்தது என்று சொல்ல முடியாது; அவர்கள் வீட்டில் ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கியும் பழகியிருந்தார்கள், மலையில் உருளை ஆக்சிஜனும் பயன்படுத்தினார்கள். செனான் ஏறும் திறனைக் கூட்டும் என்பதற்கு ஆதாரமில்லை என்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழு அந்த ஜனவரியிலேயே சொல்லியிருந்தது. என்னை உறுத்துவது வேறு. அந்த ஒரு வாரத்துக்காக வழி அமைக்க, கயிறு கட்ட, முகாம் போட, மற்றவர்கள் அதற்கு முன் பல வாரம் மேலே இருந்தார்கள். அவர்கள் நாளை யாரும் குறைக்கவில்லை.

அந்த மக்களுக்கு இந்த மலை என்ன என்று தெரிந்துகொண்டு போனால் நடை வேறாக இருக்கும். ஷெர்பாக்களுக்குச் சோமோலுங்மா, மியோலங்சங்மா என்ற தேவி வாழும் இடம். ஏறுவதற்கு முன் அடிவார முகாமில் கல் அடுக்கி மேடை கட்டி, ஜூனிப்பர் என்ற மலைப்புதரின் தழையைப் புகைத்து, பனிக்கோடரியையும் காலணியில் மாட்டும் கால்முள்ளையும் மேடையோரம் வைத்துப் பூஜை செய்வார்கள். மலையைக் குத்தி ஏறப்போவதற்கு முன்கூட்டியே மன்னிப்பும் அனுமதியும் கேட்பது அது. கும்ஜுங் ஊருக்கு மேலே கும்பிலா என்று ஒரு சிகரம், 5,761 மீட்டர். எவரெஸ்டோடு ஒப்பிட்டால் சின்னது. காவல் தெய்வத்தின் மலை என்பதால் அதில் ஏறுவதில்லை. இத்தனை கெட்டிக்கார மலையேறிகளின் வீட்டு வாசலிலேயே ஏறாத ஒரு மலை நிற்கிறது. கஞ்சன்ஜங்காவில் 1955-ல் முதலில் ஏறிய பிரிட்டிஷ் குழுவும், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குப்படி உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பியது. பாதையில், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய ‘மணி’ச் சுவர்கள் வரும். உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள். கும்புப் பள்ளத்தாக்கில் உயிர் கொல்வதில்லை என்பது வழக்கம். லாட்ஜில் கிடைக்கும் இறைச்சி கீழிருந்து பல நாள் சுமந்து வந்தது. உங்கள் வயிற்றை நினைத்தாவது பருப்புச் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஷெர்பாக்களைச் சாமியார்கள் ஆக்கிவிடவேண்டாம். அவர்களுக்கு இது தொழில். அந்த வருமானத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். படித்த பிள்ளைகளில் பலர் மலைக்கு வர விரும்புவதில்லை. அதில் தவறேதும் இல்லை.

குப்பை. நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் 7,900 மீட்டர் அளவில் இருக்கும் தெற்குக் கணவாயில் எடுத்தவை: கிழிந்த கூடாரம், காலி உருளை, டப்பா. அது சிகரம் ஏறுகிறவர்கள் போட்டது. ஒவ்வொருவரும் எட்டு கிலோ குப்பையைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்று நேபாள அரசு 2014-ல் விதித்தது. குழுக்கள் 4,000 டாலர் முன்பணம் கட்டவேண்டியிருந்தது. விதியைவிட அதை எட்டாயிரம் மீட்டரில் நடைமுறைப்படுத்துவது கடினம். 2024-லிருந்து மனிதக் கழிவையும் பையில் கட்டிக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். அது தேவையான மாற்றம். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 2023 வசந்தத்தில் எவரெஸ்ட் ஏற வழங்கிய அனுமதி 478; அதுவே அப்போது சாதனை. அடிவாரப் பாதைக்கு ஆண்டுதோறும் வருகிறவர்கள் பல பத்தாயிரம். கீழே ஓடைகளுக்கு வந்துசேரும் கழிவும், பிளாஸ்டிக் பாட்டிலும், வெந்நீர்க் குளியலுக்கு எரியும் எரிபொருளும் நம்மைப் போன்ற நடைப்பயணிகளுடையவை. அங்கே விறகுக்கு வெட்டும் ஜூனிப்பர் புதர் ஒன்று வளர எத்தனையோ ஆண்டு பிடிக்கும். தண்ணீர் பாட்டில் வாங்காமல் குளோரின் மாத்திரை கொண்டுபோவது, பேட்டரியையும் மருந்து அட்டையையும் திரும்ப எடுத்துவருவது உங்கள் கையில் இருக்கிறது.

குப்பையையும் பனி உருகுவதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். குப்பை அங்கேயே உண்டாகி, அங்கேயே தீர்க்கக்கூடியது. பனியாறுகள் சுருங்குவது உலகம் வெப்பமாவதால். மலையைக் கூட்டிப் பெருக்கி அதை நிறுத்த முடியாது. தெற்குக் கணவாய்ப் பனியாறு 2,000 ஆண்டுகளில் சேர்ந்த பனியை 25 ஆண்டுகளில் இழந்துவிட்டதாக 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, பழைய படங்களின் அளவீட்டை வைத்து, அது அப்படி மெலியவில்லை என்று மறுத்தது. ஆகவே உச்சியை ஒட்டிய பனி பற்றி நான் அடித்துச் சொல்லமாட்டேன். கீழே சந்தேகமில்லை: பனியாறுகள் மெலிகின்றன, அவற்றின் ஓரத்தில் ஏரிகள் பெருகுகின்றன. 1985-ல் டிக் ட்ஸோ ஏரி உடைந்து, கட்டிக்கொண்டிருந்த சிறு நீர்மின் நிலையத்தை அடித்துப்போனது. 2024 ஆகஸ்ட் 16 அன்று பனியாற்று ஏரி உடைந்து தாமே கிராமத்தில் வெள்ளம் புகுந்து பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் சிதைத்தது. எவரெஸ்டில் 30 முறைக்கு மேல் ஏறிய காமி ரீட்டா ஷெர்பாவின் ஊர் அது. நடந்து போகிற உங்களால் அந்த ஏரி உடையவில்லை. விமானத்தில் வந்து, ஹெலிகாப்டரில் திரும்பும்போது எரிகிற எண்ணெயில் நம் எல்லாருக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது.

ஹெலிகாப்டரைப் பற்றி மருத்துவராக எனக்கு ஆட்சேபம் இல்லை. வேகமாக இறங்குவது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் திரும்பும் ஹெலிகாப்டர் கட்டணத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தலைவலியோடு ஒரு நாள் கூடுதலாக ஏறிவிடுகிறார்கள். மேகம் மூடினால் அது வராது, இரவில் வராது. மலைநோய் முற்றுவது பெரும்பாலும் இரவில். நடந்து இறங்கினால் மூன்று நான்கு லாட்ஜ்களில் உங்கள் காசு போய்ச்சேரும், சுமந்தவருக்கும் அந்த நாள்களின் கூலி கிடைக்கும். தேவையில்லாத மீட்புப் பறப்புகளைக் காட்டிக் காப்பீட்டுப் பணம் கறந்த மோசடியை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே அந்த ஒன்பது நாள் பயணத்தை எடுக்காதீர்கள். காத்மாண்டு முதல் காத்மாண்டு வரை 14 நாளாவது வேண்டும். லுக்லா விமானம் மேகத்தால் தடைபடும், அதற்கு மேலும் ஒன்றிரண்டு நாள் கையிருப்பில் வையுங்கள். ஒன்பது நாள்தான் விடுப்பு என்றால் நாம்சே, கும்ஜுங், தெங்போச்சே போய் நடந்தே திரும்புங்கள். தெங்போச்சே மடாலய முற்றத்திலிருந்து எவரெஸ்ட் தெரியும், அமா டப்லாம் சிகரம் முழுசாகத் தெரியும்; அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியவே தெரியாது, அதற்குப் பக்கத்தில் இருக்கும் காலா பத்தர் குன்றில் ஏறவேண்டும். முழுப் பயணமே போவதென்றால் ரத்த அழுத்தம், இதயம், ஹீமோகுளோபின் மூன்றையும் ஊரில் பார்த்துவிட்டு, முடிவுகளோடு உங்கள் டாக்டரிடம் அசிட்டசோலமைடு பற்றிப் பேசுங்கள். வழியில் ஃபெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது, 1973 முதல் இயங்கும் சங்கம் அது. பருவகாலத்தில் பிற்பகலில் அங்குள்ள மருத்துவர்கள் மலைநோய் பற்றிப் பேசுவார்கள், உட்கார்ந்து கேளுங்கள். பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்திடம் நான்கு விஷயம் கேளுங்கள்: ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் தூங்கவைப்பீர்கள், போர்ட்டருக்கு எத்தனை கிலோ, அவருக்குக் காப்பீடும் குளிர்ச்சட்டையும் உண்டா, அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட இறங்கப்போவது யார். முதல் கேள்விக்கு அட்டவணையைக் காட்டிவிடுவார்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு நிறுவனம் பாருங்கள்.